கிராஃபீனுக்குத் தடிமன் எவ்வளவு என்று போடுவது? 0.335ஆ, 0.066ஆ?

ஒற்றைப்படலம்:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் முதல் வருடம். இருபரிமாணப் பொருள்களின் எந்திரவியல் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள், கை பழகட்டும் என்று முதலில் கிராஃபீனையே (ஒற்றை அணுத்தளக் கார்பன் தாள்) லாம்ப்ஸ் என்ற அணு சிமுலேஷன் மென்பொருளில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அணுக்களுக்கு இடையிலான விசைக்கு ஐரெபோ பொட்டென்ஷியல், 300 கெல்வின், படலத்துக்கு மேலும் கீழும் வெற்றிடம் விட்டு சிமுலேஷன் பாக்ஸின் உயரம் 10 நானோமீட்டர். கிடைக்கிற யங் குணகம் (இழுவைக்குப் பொருள் காட்டும் விறைப்பு) 30 சொச்சம் ஜிகாபாஸ்கல். பேப்பர்களில் எங்கே பார்த்தாலும் 1 டெராபாஸ்கல், அதாவது ஆயிரம் ஜிகாபாஸ்கல். பாக்ஸ் உயரத்தை 20 ஆக்கினால் என் விடை அப்படியே பாதியாகிறது! அதைப் பார்த்ததும் தடிமன் விஷயத்தில்தான் எங்கேயோ உதைக்கிறது என்று மட்டும் புரிந்தது.

சரி என்று தடிமனை 0.335 நானோமீட்டராக எடுத்துக் கணக்கைத் திருத்தினால் 1 டெராபாஸ்கல் பக்கம் வந்துவிடுகிறது. அதே 0.335-ஐயும் அதே 1 டெராபாஸ்கலையும் பாடப்புத்தகத் தகட்டு வாய்பாட்டில் (குணகம் பெருக்கல் தடிமனின் மும்மடி, வகுத்தல் 12, அப்புறம் இழுத்தால் குறுக்கே சுருங்குவதைச் சொல்லும் பாய்ஸான் விகிதத் திருத்தம்) போட்டால் வளைவு விறைப்பு 20 எலக்ட்ரான்வோல்ட் என்கிறது. ஆனால் படலத்தை வெவ்வேறு ஆரங்களில் குழாயாகச் சுருட்டி, ஆற்றலை நேரடியாகக் கணக்கிட்டு எடுத்தால் வருவது 1.4 எலக்ட்ரான்வோல்ட். பதினான்கு மடங்கு வித்தியாசத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தேடிப் போனால் 1996-இல் வந்த யாகப்சன், பிராபெக், பெர்ன்ஹால்க் பேப்பரில் நானோகுழாய்ச் சுவருக்குத் தடிமன் 0.066 நானோமீட்டர், குணகம் 5.5 டெராபாஸ்கல் என்று இருக்கிறது. கார்பன்-கார்பன் பிணைப்பின் நீளமே 0.142 நானோமீட்டர், அதில் பாதிகூட இல்லாத தடிமனா? கைடு "எல்லாரும் 0.335 போடுறாங்க, நீயும் போடு" என்கிறார். போட்டுவிடலாம், ஆனால் ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. திரிபு (நீட்சியின் விகிதம்) 20 சதவீதத்தை நெருங்கும்வரை தகைவு-திரிபு வளைகோடு ஒழுங்காகச் சாய்ந்துகொண்டே வருகிறது, அப்புறம் திடீரென்று நிமிர்ந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி, அதற்குப் பிறகுதான் அறுகிறது. இது நிஜமான இயற்பியலா?

---

அணுத்தச்சன்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது இயற்பியலே இல்லை. ஐரெபோவில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு விசையை ஒரு தூரத்துக்கு மேல் படிப்படியாக அணைக்க ஒரு சார்பு வைத்திருக்கிறார்கள். அது 1.7 ஆங்ஸ்ட்ராமில் ஆரம்பித்து 2.0-இல் முடிகிறது. பிணைப்பின் இயல்பு நீளம் 1.42, அதை 20 சதவீதம் இழுத்தால் 1.70. உங்கள் கோடு நிமிர்கிற இடம் அதேதான், பாருங்கள். அணைப்புச் சார்பு குறுகிய தூரத்தில் சுழிக்கு இறங்குவதால் அதன் சரிவு செங்குத்தாக இருக்கும், விசை என்பது ஆற்றலின் சரிவுதானே, அதனால் இல்லாத ஒரு விசை முளைக்கிறது. கார்பனை முறிக்கிற வேலை செய்பவர்கள் பொட்டென்ஷியல் கோப்பைத் திறந்து கார்பன்-கார்பன் கீழ் எல்லையை 1.7-இலிருந்து 1.92 முதல் 2.0 வரை எங்காவது உயர்த்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். எவ்வளவு வைத்தீர்கள் என்பதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள், முறிவு வலிமை அதைப் பொறுத்து மாறும். அந்த நிமிர்வைத் திரிபு வலுவூட்டம் என்று விளக்கி யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இப்போது பாக்ஸ் விஷயம். லாம்ப்ஸ் உங்களுக்குக் கொடுக்கிற அழுத்தம், அணுக்களின் விரியல் (விசை பெருக்கல் இடம்) கூட்டுத்தொகையை முழு பாக்ஸின் கன அளவால் வகுத்தது. உங்கள் பாக்ஸில் முக்கால்வாசிக்கு மேல் வெற்றிடம், அதற்கு அது தெரியாது. 10 நானோமீட்டர் உயரத்தில் 1 டெராபாஸ்கல் என்பது 33.5 ஜிகாபாஸ்கலாகத் தெரியும், உங்களுக்கு வந்த எண்ணும் அதுதான். வந்த தகைவை பாக்ஸ் உயரத்தால் பெருக்குங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நியூட்டன்/மீட்டர் என்ற அலகில் ஓர் எண் கிடைக்கும், பாக்ஸை 10 வைத்தாலும் 50 வைத்தாலும் அது அசையாது. படலத்தின் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை நியூட்டன் என்பதுதான் அதன் பொருள். (மறக்காமல் மைனஸ் குறியையும் மாற்றுங்கள், அங்கே அமுக்கினால்தான் பிளஸ்.)

அதற்குப் பிறகு 0.335-ஆல் வகுப்பது சம்பிரதாயம். கிராஃபைட்டில் அடுத்தடுத்த இரண்டு தாள்களுக்கு இடையிலுள்ள தூரம் அது. ஒற்றைத் தாளைத் தனியே எடுத்துவிட்ட பிறகு பக்கத்துத் தாள் இல்லை, அந்த இடைவெளியும் இல்லை. இருந்தாலும் எஃகோடும் வைரத்தோடும் கிராஃபைட்டோடும் ஒப்பிட்டுப் பேச ஜிகாபாஸ்கல் வேண்டியிருக்கிறது, அதற்காக எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு வகு எண், அவ்வளவுதான். கைடு சொன்னது தப்பில்லை. காரணத்தைத்தான் சொல்லாமல் விட்டார்.

உங்கள் பதினான்கு மடங்கு எங்கிருந்து வந்தது என்றால், தகட்டு வாய்பாடு ஒரு கதையை நம்பி எழுதப்பட்டது. தடிமனான தகட்டை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுவில் ஒரு தளம் சும்மா இருக்கும், அந்த நீட்சியும் சுருக்கமும்தான் வளைவை எதிர்க்கும். மும்மடி அங்கிருந்துதான் வருகிறது. கிராஃபீனில் ஒரே ஓர் அணுத்தளம். வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது? வளைக்கும்போது தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் எலக்ட்ரான் மேகங்களான பை-ஆர்பிட்டல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் சாய்கின்றன, பிணைப்புக் கோணங்களும் முறுக்குக் கோணங்களும் மாறுகின்றன, ஆற்றல் செலவு அதில்தான். தளத்துக்குள் இழுக்கும்போது வேலை செய்வது அணுக்களைத் தளத்துக்குள் நேராக இணைக்கும் சிக்மா பிணைப்பு. இரண்டும் வேறு வேறு விஷயங்கள், ஒன்றிலிருந்து மற்றதைத் தடிமன் வழியாக எடுக்க முடியாது.

0.066-உம் அப்படி வந்ததுதான். இழுவை விறைப்பு ஓர் எண், வளைவு விறைப்பு ஓர் எண், இரண்டும் கையில் இருக்கிறது. தகட்டு வாய்பாடு சரியாக இருக்க வேண்டுமென்றால் குணகமும் தடிமனும் என்னவாக இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து தீர்த்தால் 5.5-உம் 0.066-உம் வரும். 5.5 டெராபாஸ்கலை 0.066 நானோமீட்டரால் பெருக்கிப் பாருங்கள், 363 நியூட்டன்/மீட்டர், 0.335 பேர்வழிகளின் எண்ணுக்கு (1 டெராபாஸ்கல் பெருக்கல் 0.335, அதாவது 335) பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் 1.4-ஐ வைத்துத் தீர்த்தால் 0.09 நானோமீட்டர் பக்கம் வரும். குழாய் எப்படி நசுங்கி மடிகிறது என்று மெல்லிய ஓடுகளுக்கான கோட்பாட்டில் கணக்குப் போட அவர்களுக்கு அது தேவைப்பட்டது, அந்த வேலைக்கு அருமையான தந்திரம். அணுவின் அளவோடு அதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், இழுவை விறைப்பு இத்தனை நியூட்டன்/மீட்டர், வளைவு விறைப்பு இத்தனை எலக்ட்ரான்வோல்ட் என்று. தடிமன் என்ற சொல்லே வராமல் ஒரு கட்டுரை எழுத முடியும்.

---

ஊசிமுனை:

மேலே சொன்னதற்குச் சோதனைப் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்த 1 டெராபாஸ்கல், 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லீ, வெய், கைசர், ஹோன் செய்த அளவீடு. சிலிக்கான் மேலிருக்கும் ஆக்சைடில் 1 மைக்ரான், 1.5 மைக்ரான் விட்டத்தில் வட்டக் குழிகள், அவற்றின் மேல் உரித்தெடுத்த கிராஃபீன், நடுவில் அணுவிசை நுண்ணோக்கியின் வைரமுனையால் அழுத்துகிறார்கள். விசைக்கும் இறக்கத்துக்கும் உள்ள உறவில் இரண்டே பகுதி. ஒன்று நேர்கோடு, அது படலத்தில் ஏற்கெனவே இருக்கும் முன்னிழுவையால் வருவது. இன்னொன்று இறக்கத்தின் மும்மடி, அது இழுவை விறைப்பால் வருவது. குழியின் ஆரம் வேண்டும், பாய்ஸான் விகிதம் வேண்டும், தடிமன் அந்தச் சமன்பாட்டில் எங்குமே இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது 340 ± 50 நியூட்டன்/மீட்டர், முறிவு வலிமை 42 ± 4 நியூட்டன்/மீட்டர். இவைதான் அளந்த எண்கள். கடைசியில் 0.335-ஆல் வகுத்து 1.0 டெராபாஸ்கல், 130 ஜிகாபாஸ்கல் என்று சொன்னார்கள், செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த 42 நேரடியாக அளந்ததும் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஊசி கிழித்துக்கொண்டு போகிற விசையைத்தான் அளக்கிறோம், 16.5 நானோமீட்டர் ஆரமுள்ள முனைக்கு அது 1.8 மைக்ரோநியூட்டனை ஒட்டி வரும். நேரியல் மீள்தன்மையை நம்பி அதைத் தகைவாக மாற்றினால் 55 நியூட்டன்/மீட்டர் கிடைக்கும். ஆனால் கிராஃபீன் 25 சதவீதத் திரிபு வரை போகிறது, அங்கே அது நன்றாக இளகியிருக்கும். அந்த இளகலை மூன்றாம் வரிசைக் குணகமாகச் சேர்த்துக் கணினியில் போட்ட பிறகுதான் 42. ஆக, முறிவு வலிமையை உங்கள் சிமுலேஷனோடு ஒப்பிடும்போது அந்த எண்ணுக்குள்ளேயே ஒரு மாதிரி ஒளிந்திருப்பது நினைவிருக்கட்டும். உங்களுடையது ஒருதிசை இழுவை, ஊசிக்குக் கீழே இருப்பது எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இழுபடும் படலம். இரண்டையும் பக்கத்தில் வைத்து "பொருந்துகிறது" என்று எழுதும் கட்டுரைகளை நிறையப் பார்த்தாயிற்று.

சிமுலேஷன்காரர்களுக்குச் சோதனை எண் என்றால் வேதவாக்கு மாதிரி ஒரு நினைப்பு உண்டு, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவீட்டில் முதல் தலைவலி சுழிப் புள்ளி. ஊசி படலத்தை எப்போது தொட்டது? தொடுவதற்குச் சற்று முன் படலம் தானாகவே ஊசியை நோக்கி எழும்பி ஒட்டிக்கொள்ளும், விசைக்கோடு கீழே ஒரு குதி குதித்து மேலே வரும், அந்தக் குதிப்பில் எந்தப் புள்ளியைச் சுழி என்பது என்று உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இறக்கம் மும்மடியில் வருவதால் அதில் 10 சதவீதம் பிசகினால் விறைப்பில் 30 சதவீதம் போய்விடும். பியசோ (ஊசியை நகர்த்தும் படிகம்) நகர்ந்த தூரத்திலிருந்து கேண்டிலீவர் (ஊசியைத் தாங்கும் நெகிழ் கரம்) வளைந்ததைக் கழித்தால்தான் படலம் இறங்கியது கிடைக்கும், கேண்டிலீவரின் விறைப்பு எண்ணே சரியில்லையென்றால் எல்லாமே போச்சு. அப்புறம் படலம் குழியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது வான்டெர்வால்ஸ் விசையால் மட்டும்தான். 2011-இல் கோயினிக், பன்ச் குழு அளந்தபோது ஒற்றைப் படலத்துக்கும் ஆக்சைடுக்கும் இடையே ஒட்டாற்றல் சதுர மீட்டருக்கு 0.45 ஜூல் வந்தது. இந்த அளவுக்கு அது பெரிய எண்தான், ஆனாலும் வழுக்கும். ஏற்றும்போது ஒரு கோடும் இறக்கும்போது வேறு கோடும் வந்தால் ஓரம் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம், அந்தத் தரவைத் தூக்கி எறிய வேண்டும். ஏற்றும் கோட்டை மட்டும் படமாகப் போட்டிருக்கும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

---

ஒற்றைப்படலம்:

இருவருக்கும் மிக்க நன்றி. எல்லையை 1.92 ஆக்கி ஓட்டினேன், அந்த நிமிர்வு மாயமாகிவிட்டது. பாக்ஸ் உயரத்தால் பெருக்கினால் விறைப்பும் அசையவில்லை.

அடுத்து மாலிப்டினம் டைசல்பைடு செய்ய வேண்டும். அதில் மூன்று அணுத்தளம் இருக்கிறதே, அங்கேயாவது தடிமன் என்று ஒன்று உண்டா? அதோடு, கிராஃபீன் இரண்டு அடுக்கு என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிடலாமா?

---

அணுத்தச்சன்:

நல்ல கேள்வி, ஏனென்றால் அங்கே தகட்டுக் கதை பாதி உயிரோடு இருக்கிறது. நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். வளைத்தால் மேல் கந்தகத்தளம் நிஜமாகவே நீள்கிறது, கீழ்த்தளம் சுருங்குகிறது. வளைவு விறைப்பு 10 எலக்ட்ரான்வோல்ட் பக்கம் வருவதும் அதனால்தான், கிராஃபீனைப் போல ஏழு மடங்கு, இழுவை விறைப்போ கிராஃபீனில் பாதிதான். 2011-இல் பெர்டோலாஸி, பிரிவியோ, கிஸ் ஊசியால் அளந்தது 180 ± 60 நியூட்டன்/மீட்டர். அதை அடுக்கு இடைவெளியான 0.65-ஆல் வகுத்து 270 ஜிகாபாஸ்கல் என்றார்கள். கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள தூரம் 0.32-ஐ எடுத்து வகுத்தால் அதே படலம் 560 ஜிகாபாஸ்கல். பொருள் மாறவில்லை, வகு எண் மாறியது.

வேடிக்கை என்னவென்றால் தகட்டு வாய்பாட்டில் 180-ஐயும் 0.65-ஐயும் போட்டால் 40 எலக்ட்ரான்வோல்ட், 0.32-ஐப் போட்டால் 10. சரியான விடை! ஆனால் இதை நம்பி அடுத்த பொருளுக்குத் தாவாதீர்கள், பாதி இயற்பியல், பாதி அதிர்ஷ்டம்.

இரண்டு அடுக்குக்கு இழுவை விறைப்பை இரண்டால் பெருக்கலாம், தாள்கள் இரண்டும் ஒன்றாக இழுபடும்வரை சரி. வளைவுக்கு முடியாது. தாள்கள் ஒன்றோடொன்று வழுக்காமல் இருந்தால் அடுக்கு எண்ணிக்கையின் மும்மடியில் போகும், தடையில்லாமல் வழுக்கினால் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் போகும். நிஜம் இரண்டுக்கும் நடுவில், அதுவும் எவ்வளவு வளைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. 2020-இல் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு ஒன்று, படிபோல வெட்டிய போரான் நைட்ரைடு மேல் சில அடுக்குக் கிராஃபீனைப் போர்த்தி, மடிப்பின் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வளைவுக் கோணம் கூடக்கூட விறைப்பு குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒவ்வொரு தாளும் தன்பாட்டுக்கு வளைகிற நிலைக்கு வந்துவிட்டது. ஐந்தாறு அடுக்குக்கு "வளைவு விறைப்பு இவ்வளவு" என்று கோணத்தைச் சொல்லாமல் சொன்னால் அது பாதித் தகவல்தான்.

---

நெளிவு:

தடிமனைத் தூக்கிப் போட்டுவிட்டு நியூட்டன்/மீட்டரில் சொன்னால் எல்லாம் தீர்ந்தது என்கிற தொனி இங்கே இருக்கிறது. நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன்.

அறை வெப்பத்தில் வெப்ப ஆற்றல் 0.025 எலக்ட்ரான்வோல்ட், கிராஃபீனின் வளைவு விறைப்பு 1.4. விகிதம் அறுபது மடங்குக்குள். அதனால் தொங்கவிட்ட படலம் தட்டையாக இருப்பதே இல்லை, ஓயாமல் நெளிகிறது. 2007-இல் மேயர், கைம் குழு எலக்ட்ரான் விளிம்புவிலகலில் பார்த்தது இதைத்தான், உயரம் 1 நானோமீட்டர் அளவில் நெளிவுகள். நெளிந்த தாளை இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும், பிணைப்பு நீள்வது அப்புறம்தான், அதனால் குறைந்த இழுவையில் அது மென்மையாகத் தெரியும். வளைத்துப் பார்த்தால் நேர் எதிர். நெளிவுகளே முட்டுக்கொடுத்து விறைப்பைக் கூட்டிவிடும். இந்த விளைவு தலைகாட்டுகிற நீளம் கிராஃபீனுக்கு அறை வெப்பத்தில் வெறும் சில நானோமீட்டர், ஆகவே உங்கள் சிமுலேஷன் பாக்ஸிலேயே இது நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு அளவீடுகளைச் சொல்கிறேன். 2015-இல் கார்னெலில் மெக்யூன் குழு கிராஃபீனைக் காகித வெட்டுக்கலை பாணியில் வெட்டி, நீருக்குள் மைக்ரான் அளவுக் கேண்டிலீவர்களாகத் தொங்கவிட்டு, லேசரின் அழுத்தத்தாலும் வெப்ப ஆட்டத்தாலும் வளைவு விறைப்பை அளந்தார்கள். அணு அளவு மதிப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். உங்கள் 1.4 அங்கே எங்கும் கண்ணில் படாது. அதே வருடம் போலோட்டின் குழு, ஊசியால் ஒரு புள்ளியில் குத்தாமல் மின்புலத்தால் படலம் முழுவதையும் மென்மையாக இழுத்து, ஒளிக் குறுக்கீட்டால் வடிவத்தை அளந்தார்கள். இழுவை விறைப்பு 20 முதல் 100 நியூட்டன்/மீட்டர். 340 அல்ல! ஊசி பலமாக இழுப்பதால் நெளிவை நிமிர்த்திவிட்டு அதற்குப் பிறகு வருவதை அளக்கிறது, மின்புலம் நிமிர்த்துவதற்கு முன்பே அளக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே கட்டுரையில் அலகு மட்டும் போதாது. படலத்தின் நீள அகலம், வெப்பநிலை, எந்தத் திரிபு எல்லைக்குள் சரிவை எடுத்தீர்கள், மூன்றையும் சொல்லுங்கள். ஆரம்ப 0.5 சதவீதத்தில் எடுத்த சரிவும் 1 முதல் 3 சதவீதத்தில் எடுத்த சரிவும் 300 கெல்வினில் ஒன்றாக இருக்காது, ஓட்டிப் பாருங்கள்.

---

ஊசிமுனை:

நெளிவு சொல்வது சரி, ஆனால் எல்லாப் பழியையும் வெப்பத்தின் மேல் போட முடியாது. தயாரிக்கும்போதே வந்துவிட்ட நிலையான சுருக்கங்களும் அதே வேலையைச் செய்யும், போலோட்டின் குழுவே படலத்தைக் குளிரவைத்துப் பார்த்து, நிலையான சுருக்கத்தின் பங்குதான் பெரிது என்ற முடிவுக்கு வந்தார்கள். இதில் இன்னும் சண்டை ஓயாத ஒன்று உண்டு. 2015-இல் லோபெஸ்-போலின் குழு கிராஃபீனை ஆர்கான் அயனிகளால் சுட்டு ஓட்டை போட்டார்கள், அணுக்களில் 0.2 சதவீதம் போனபோது விறைப்பு குறையவில்லை, 550 நியூட்டன்/மீட்டர் பக்கம் ஏறியது. ஓட்டைகள் நீண்ட நெளிவுகளை அடக்கிவிடுவதால் என்பது அவர்கள் விளக்கம். சாதாரண சிமுலேஷனில் அணுவை எடுத்தால் விறைப்பு இறங்கத்தான் செய்கிறது. எனக்கு அந்த விளக்கத்தில் முழுத் திருப்தி இல்லை, அயனி சுட்ட பிறகு முன்னிழுவை எப்படி மாறியது என்பதை இன்னும் கறாராகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். முறிவு வலிமை மட்டும் சந்தேகமில்லாமல் குறைந்தது.

---

விரிசல்வேந்தன்:

தாமதமாக வருகிறேன். விறைப்பு பற்றி எல்லாம் பேசியாயிற்று, 130 ஜிகாபாஸ்கல் பற்றி ஒரு வார்த்தை. 2010 நோபல் பரிசின்போது பரிசுக் குழு ஒரு கணக்கு சொன்னது, 1 சதுர மீட்டர் கிராஃபீன் தொட்டிலில் 4 கிலோ பூனையைப் படுக்கவைக்கலாம், தொட்டிலின் எடை 1 மில்லிகிராமுக்கும் குறைவு என்று. குறையே இல்லாத படலம் என்றால் கணக்கு சரி. ஆனால் பூனைக்கு நகம் இருக்கிறது.

2014-இல் ரைஸ் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் சேர்ந்து, கிராஃபீனில் முன்கூட்டியே அயனிக் கற்றையால் ஒரு விரிசலை வெட்டிவிட்டு இழுத்தார்கள். விரிசல் தாங்கும் அளவு 4 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர், ஆற்றல் கணக்கில் சதுர மீட்டருக்கு 15.9 ஜூல். கண்ணாடியைவிடச் சில மடங்கு மேல், உலோகங்களோடு பக்கத்தில்கூட வைக்க முடியாது. விரிசலுக்கான கிரிஃபித் காலத்துக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள், படலத்தில் 100 நானோமீட்டர் நீளத்தில் ஒரு விரிசல் இருந்தால் 10 ஜிகாபாஸ்கலில் கிழிந்துவிடும். 130 எங்கே, 10 எங்கே. ஊசி அளவீட்டில் இது தெரியாமல் போவதற்குக் காரணம், முனைக்குக் கீழே உச்சத் தகைவு படுகிற இடம் சில பத்து நானோமீட்டர்தான், அந்தத் துளி இடத்தில் குறை இருப்பதற்கான வாய்ப்பு குறைவு.

அறுகோண போரான் நைட்ரைடு இதில் வேறு மாதிரி. விறைப்பும் வலிமையும் கிராஃபீனை ஒட்டித்தான், தேன்கூட்டு அமைப்பும் அதேதான், ஆனால் விரிசல் நேராக ஓடாமல் கிளை பிரிந்து வளைந்து போகிறது. 2021-இல் ரைஸ், நன்யாங் குழுக்கள் அளந்தபோது விரிசல் தாங்குவதில் கிராஃபீனைப் போல 10 மடங்கு வரை வந்தது. போரானும் நைட்ரஜனும் மாறிமாறி வருவதால் விரிசலின் இரண்டு கரைகளிலும் தகைவு ஒரே மாதிரி இல்லை, அதுதான் முனையைத் திருப்புகிறது என்றார்கள். ஒற்றைப்படலத்துக்கு என் யோசனை, மாலிப்டினம் டைசல்பைடுக்குப் போவதற்கு முன் இதை ஒரு தடவை செய்யுங்கள்.

---

ஒற்றைப்படலம்:

விரிசல் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, மதிப்பாய்வாளர் "ஜிகாபாஸ்கலில் கொடு" என்று பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது? அதோடு நெளிவு சொன்ன 0.5 சதவீதச் சரிவை எடுக்கப் போனால் ஆரம்பத்திலேயே தகைவு சுழியாக இல்லாமல் இருக்கிறது.

---

அணுத்தச்சன்:

கொடுத்துவிடுங்கள், பக்கத்திலேயே "0.335-ஆல் வகுத்தது" என்று அட்டவணைத் தலைப்பில் போட்டுவிட்டு. சண்டை போடும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆரம்பத் தகைவு சுழியாக இல்லையென்றால் படலத்தை 300 கெல்வினில் சரியாகத் தளர்த்தவில்லை. கிராஃபீன் அறை வெப்பத்தில் சூடானால் தளத்துக்குள் சுருங்கும் பொருள், 0 கெல்வின் அளவில் கட்டிய பாக்ஸை அப்படியே சூடாக்கினால் முன்னிழுவையோடுதான் தொடங்குவீர்கள். தளத்தின் இரண்டு திசையிலும் பாரோஸ்டாட் (பாக்ஸ் அளவை மாற்றி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வசதி) போட்டு அழுத்தம் சுழியைச் சுற்றி ஆடும்வரை விட்டு, சராசரி பாக்ஸ் அளவை எடுத்து அதிலிருந்து இழுங்கள். இழுக்கும்போது குறுக்குத் திசையில் மட்டும் பாரோஸ்டாட் இருக்கட்டும். செங்குத்துத் திசையில் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், வெற்றிடத்துக்கு எதிர்ப்பு என்று எதுவும் கிடையாது, பாக்ஸ் கண்டபடி ஊசலாடி, படலம், பாக்ஸ் திரும்பத் திரும்ப அடுக்கப்படுவதால் மேலே இருக்கிற தன் பிம்பத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.